குழாயை அடைத்த கல் உரமான கதை



கழிவறையில் ஃப்ளஷ் பண்ணியதும் நம் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தத் தண்ணீரோடு விலைமதிப்புள்ள ஒரு பொருளும் போகிறது. அதுதான் பாஸ்பரஸ். நம் எலும்பு, பல், மரபணு எல்லாவற்றிலும் அது இருக்கு. சோறு, பருப்பு, மீன் வழியாக உடம்புக்குள் வருகிறது. மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறுகிறது.

பயிருக்கும் அது வேணும். அதற்குப் பதிலாக வேறு எதையும் போட முடியாது. உரத்துக்கான பாஸ்பரஸைப் பாறையிலிருந்துதான் தோண்டி எடுக்கிறார்கள். உலகில் தெரிந்த இருப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு மொரோக்கோவிலும் மேற்கு சஹாராவிலும் உள்ளது. நம் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்குக் கிறிஸ்மஸ் தீவிலிருந்து பாறைத்தூள் உரம் கப்பலில் வந்தது. பாறை தோண்டத் தோண்டக் குறையும். கழிவுநீரில் போகும் பாஸ்பரஸோ ஆற்றில் சேர்ந்தால் பாசி பெருகி, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் சாகும். ஒரு பக்கம் பற்றாக்குறை, இன்னொரு பக்கம் தொல்லை!

ஹம்பர்க் நகரம் சொன்ன பாடம்

1669-இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் சிறுநீரைக் காய்ச்சித் தங்கம் எடுக்கப் பார்த்தார். தங்கம் கிடைக்கவில்லை. இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ் கிடைத்தது. அதே நகரில் 1840-களில் ஒரு தேவாலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது, பழைய கழிவு படிந்த மண்ணில் படிகங்கள் தென்பட்டன. 1845-இல் உல்லெக்ஸ் என்ற வேதியியலாளர் அதற்கு 'ஸ்ட்ரூவைட்' என்று பெயர் வைத்தார். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சம அளவில் தண்ணீரோடு சேர்ந்து உருவாகும் கனிமம் அது.

கல் எங்கே வளர்கிறது?

கழிவுநீர் நிலையத்தில் ஒருவகை பாக்டீரியாக்கள் பாஸ்பரஸைத் தங்களுக்குள் சேர்த்து வைக்கும். அந்தக் கசடு ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் மக்கும்போது பாஸ்பரஸ் மறுபடியும் தண்ணீரில் கரைந்துவிடும். அந்தத் தண்ணீர் குழாயின் வளைவிலும் பம்பிலும் கலங்கும்போது கரியமில வாயு வெளியேறி, காரத்தன்மை கூடும். உடனே ஸ்ட்ரூவைட் படியத் தொடங்கும். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸின் ஹைப்பீரியன் நிலையத்தில் ஒரு குழாயின் உள்வாய் பாதியாகச் சுருங்கிப்போனது!

இங்கேதான் பொறியாளர்கள் மாற்றி யோசித்தார்கள். எப்படியும் உருவாகப் போகிற கல்லை, நாம் சொல்ற இடத்தில் உருவாக வைத்தால் என்ன?

அதற்கென்று தனிக் கலன் வைத்தார்கள். தண்ணீரில் மெக்னீசியம்தான் போதாது. அதனால் மெக்னீசியம் குளோரைடு சேர்த்து, காரத்தன்மையையும் கூட்டுகிறார்கள். தண்ணீர் கீழிருந்து மேலே ஓட, சிறு துகள்கள் மிதந்தபடி கற்கண்டு மாதிரி படலம் படலமாக வளரும். சவ்வரிசி அளவுக்குக் கனத்ததும் அடியில் தங்கும். எடுத்து உலர்த்தினால் உரம். அவ்வளவுதான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஒரு முறை, 2009-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டர்ஹம் நிலையத்தில் வணிக அளவில் ஓடத் தொடங்கியது. இந்த உரம் வெறும் தண்ணீரில் சட்டென்று கரையாது. வேர் சுரக்கும் அமிலத்தில் மெதுவாகக் கரையும். அதனால் மழையில் அடித்துக்கொண்டு போவது குறைவு.

இது போதுமா?

போதாது. தண்ணீரில் கரைந்திருக்கும் பாஸ்பரஸை மட்டுமே இப்படிப் பிடிக்க முடியும். பெரும்பகுதி கசட்டிலேயே தங்கிவிடும். அதற்குக் கசட்டை எரித்து, சாம்பலிலிருந்து பிரிக்கும் முறையும் உண்டு. ஜெர்மனி 2017-இல் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அங்குள்ள பெரிய நிலையங்கள் 2029 முதல் பாஸ்பரஸை மீட்க வேண்டும்.

குழாயை அடைத்தபோது அது தொல்லை. வேருக்குப் போனால் அதுவே உணவு. பொருள் ஒன்றுதான், சேரும் இடம்தான் வேறு.

கலந்துரையாட

1. குழாயின் நேர்ப்பகுதியைவிட வளைவில் கல் அதிகம் படிவது ஏன்?
2. சிறுநீரிலிருந்து வந்த உரம் என்று தெரிந்தால் உங்கள் வீட்டில் வாங்குவார்களா? தயங்கினால் எப்படி விளக்குவீர்கள்?
3. செய்து பாருங்க: கெட்டியான சர்க்கரைப் பாகில் ஒரு நூலைத் தொங்கவிட்டு ஒரு வாரம் கவனியுங்கள். படிகம் வளரும் விதத்தைக் குறித்து வைத்து, அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.