வெட்டி எடுத்த நுரையீரலில் உயிர்

நுரையீரல் அறுவை சிகிச்சையில், புற்றுக்கட்டியிலிருந்து தள்ளியிருக்கும் நல்ல பகுதியில் ஒரு துண்டு வைரஸ் தொற்று ஆய்வுக்குக் கிடைக்கும். அதற்கு முன்பே நோயாளியின் சம்மதம் வாங்கியாக வேண்டும். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலிருந்து திருவனந்தபுரம் வருகிறவர்களிடம் பேச என்னைத்தான் அனுப்புவார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் ஊர். படிவம் மலையாளத்தில் இருக்கும், வீட்டுப் பேச்சு தமிழ். படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து கேட்காதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். “வெட்டி எடுத்தது செத்ததுதானே மக்களே, அதுல எப்படி நோய் பிடிக்கும்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி.

சாகவில்லை. குளிர்ந்த ஊட்டக் கரைசலில் போட்டு விரைவாகக் கொண்டுவந்தால் செல்கள் பிழைத்திருக்கும். மூச்சுக்குழாய்ச் செல்களைப் பிரித்து, நுண்துளைச் சவ்வின் மேல் வளர்க்கிறோம். அவை சவ்வை மூடியதும் மேலே உள்ள திரவத்தை எடுத்துவிட வேண்டும்: கீழே ஊட்டம், மேலே காற்று. மூன்று நான்கு வாரங்களில் மயிர்போன்ற குற்றிழைகள் முளைத்துத் துடிக்கும். நுண்ணோக்கியில் சளி மெல்லச் சுழல்வது தெரியும். அவசரப்பட்டு அதற்கு முன் வைரஸை விடாதீர்கள்.

இத்தனை பாடு எதற்கு? 2020 மார்ச்சில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நம் நாட்டில் மருத்துவப் பணியாளர்களுக்குக் கொரோனா முன்தடுப்பாகப் பரிந்துரைத்தார்கள். குரங்குச் சிறுநீரகச் செல்களில் அது கொரோனா வைரஸைத் தடுத்தது. மனித மூச்சுக்குழாய்ச் செல்களில் தடுக்கவில்லை. நம் மூச்சுக்குழாயில் வைரஸ் வேறு வழியாக உள்ளே நுழைகிறது, மாத்திரை அடைப்பது அந்த வழியை அல்ல. மனிதத் திசுவின் பயன் முன்பே தெரிந்ததுதான்: 1965இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் டிரெல், பைனோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் சாதாரண செல்களில் வளராத ஒரு ஜலதோஷ வைரஸை மனித மூச்சுக்குழாய்த் திசுவில்தான் வளர்த்தார்கள். அது கொரோனா வகை என்பது பின்னால் தெரிந்தது.

வைரஸை விடுவதற்கு முன் மேலுள்ள சளியை உப்புக்கரைசலால் கழுவுங்கள்; சளி வைரஸைப் பிடித்து வைத்துக்கொண்டால் அளவு தப்பும். பிப்பெட் முனை சவ்வில் படக்கூடாது, சுவரோரமாக விடுங்கள். கோவிட் கொரோனா வைரஸ் என்றால் மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் கட்டாயம்.

ஒருவரின் திசுவை மட்டும் நம்பி முடிவு எழுதவே எழுதாதீர்கள். பீடி குடித்தவரின் செல்கள் சளியை அதிகம் சுரக்கலாம், இன்னொருவருடையது வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் பாறைக் குவாரியில் வேலையா, பீடி உண்டா, வீட்டில் விறகடுப்பா என்று கேட்டுக் குறித்துவைக்கிறேன். பெயரை நீக்கிக் குறியீட்டு எண் போட்ட பிறகும் இந்த விவரங்கள் திசுவோடு சேர்ந்தே போக வேண்டும்.