‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்

அயன்மொழி கற்பார்க்கு அரிய சொற்களால் விளையும் இடர் சிறிது. எளிய சொற்களால் விளையும் இடரே பெரிது. அரிய சொல்லைக் கண்டவுடன் அகராதியை நாடுகிறோம். எளிய சொல்லையோ அறிந்ததென்று கருதி மேற்செல்கிறோம். இவ்வுண்மையை யான் கற்றது வகுப்பறையிலன்று. சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயாம்.

எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் பெரியப்பா முறையாவார். கடைக் கட்டடத்தின் உரிமையாளரிடமிருந்து வந்த ஆங்கிலக் கடிதமொன்றைக் கொணர்ந்து, “படித்துச் சொல்லு தம்பி” என்றார். வாடகை ஒப்பந்தம் மார்ச்சு மாத இறுதியில் ‘ரன்ஸ் அவுட்’ என்று அதில் எழுதியிருந்தது. ‘ரன்’ என்றால் ஓடுதல் என்பது சிறுவயதிலேயே கற்றதாயிற்றே! “மார்ச்சுக் கடைசி வரையில் ஒப்பந்தம் ஓடுகிறதாம், பெரியப்பா” என்றேன். “ஓடுகிறதல்லவா, அது போதும்” என்று மகிழ்ந்தவர், கடைக்குப் புதிய அலமாரிகள் செய்ய மறுநாளே தச்சருக்கு முன்பணம் கொடுக்கப்போவதாகச் சொல்லிச் சென்றார். இரவில் இதைக் கேட்ட என் தந்தையார், “ஓடுகிறது என்றா சொன்னாய்? முடிகிறது என்றல்லவா பொருள்!” என்றார். அன்றிரவு உண்மையாகவே ஓடியவன் யான், பெரியப்பாவின் வீட்டுக்கு. நல்லகாலமாக முன்பணம் கைமாறியிருக்கவில்லை.

அன்றுமுதல் இச்சிறு சொல்லை ஆராயலானேன். ஆக்ஸ்போர்டுப் பேரகராதிக்கான முயற்சி 1857இல் தொடங்கிற்று. முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. முதற்பதிப்பு 1928இல் நிறைவெய்திற்று. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட இடம் பெற்ற சொல் ‘ஸெட்’ என்பது. பின்னர் நிகழ்ந்த திருத்தத்தில் ‘ரன்’ அதனை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 600க்கு மேற்பட்ட பொருள்கள் வகுக்கப்பட்டுள்ளன. எழுத்தோ மூன்றே!

இவற்றுள் பல நம் ‘ஓடு’ என்னும் சொல்லோடு ஒத்துச் செல்வன. ஆறு ஓடுகிறது; இரயில் ஓடுகிறது; கடிகாரம் ஓடுகிறது; திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது. இவ்விடங்களிலெல்லாம் ஆங்கிலமும் ‘ரன்’ என்றே கூறும். இவ்வொற்றுமையே நம்மை ஏமாற்றுவது. ஆங்கிலத்தில் சளி பிடித்தவனுடைய மூக்கு ‘ரன்’ செய்யும். தமிழில் மூக்கு ஓடுவதில்லை, ஒழுகும். துவைத்த துணியின் சாயம் ஆங்கிலத்தில் ஓடும், தமிழில் போகும். சாலை ஆங்கிலத்தில் மலையடி வழியே ஓடும், தமிழில் செல்லும். உடற்சூடு மிக்கவன் ஆங்கிலத்தில் காய்ச்சலை ஓட்டுவான். தமிழில் அவனுக்குக் காய்ச்சல் அடிக்கும்.

இன்னும் நயமான வேறுபாடொன்று உண்டு. பள்ளியையோ கடையையோ ஒருவர் நிருவகிப்பதை ஆங்கிலம் ‘ரன்’ என்கிறது. நாமோ ‘நடத்துகிறார்’ என்கிறோம். ‘நட’ என்பதன் பிறவினையே ‘நடத்து’. ஆங்கிலேயர் ஓடச்செய்யும் கடையை நாம் நடக்கச்செய்கிறோம்! ஓடு, ஓட்டு எனவும், ஆடு, ஆட்டு எனவும் தன்வினைக்கும் பிறவினைக்கும் தமிழ் வேறு வடிவம் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் ‘ரன்’ ஒன்றே இரண்டுக்கும் நிற்கிறது. பண்டை ஆங்கிலத்தில் அவ்வாறன்று. தானே ஓடுதற்கு ஒரு வினையும் ஓடச்செய்தற்கு ஒரு வினையும் தனித்தனியே இருந்து, பிற்காலத்தில் ஒன்றாய்க் கலந்தன. உட்காருதலைக் குறிக்கும் ‘ஸிட்’, வைத்தலைக் குறிக்கும் ‘ஸெட்’ ஆகியவும், விழுதலைக் குறிக்கும் ‘ஃபால்’, மரத்தை வெட்டி வீழ்த்துதலைக் குறிக்கும் ‘ஃபெல்’ ஆகியவும் அப்பழைய முறையின் எச்சங்களாக இன்றும் உள்ளன.

ஓட்டமே இல்லாத இடத்தும் ‘ரன்’ வருதலுண்டு. மட்டையாளர் அடித்த பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால், அவர் நின்ற இடத்தில் நின்றாலும் நான்கு ‘ரன்’ உண்டு. 2007ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கி நெருக்கடியில் வீழ்ந்ததென்று கேட்டு, பணம் போட்டோர் கிளைகளின் வாயிலில் நெடுநேரம் வரிசையில் நின்றனர். அந்நிகழ்ச்சிக்கும் ‘ரன்’ என்றே பெயர். தேர்தலில் போட்டியிடுவோர் அமெரிக்காவில் ஓடுவர், இங்கிலாந்தில் நிற்பர். நம் நாட்டிலும் வேட்பாளர் நிற்பவரே.

இனி, என்னை இடறச்செய்த வகைக்கு வருவோம். ‘ரன்’ என்பதன் பின்வரும் சிறு சொல் அதன் பொருளையே மாற்றிவிடும். ‘அவுட்’ வந்தால் தீர்ந்துபோதல்; ‘இன்டு’ வந்தால் மோதுதல் அல்லது எதிர்பாராது சந்தித்தல்; ‘டவுன்’ வந்தால் இழித்துரைத்தல்; ‘ஓவர்’ வந்தால் வண்டி ஒருவர்மேல் ஏறுதல் அல்லது நிரம்பி வழிதல். ஒப்பந்தம் ‘ரன்’ செய்தால் நடப்பிலிருக்கிறது. ‘ரன் அவுட்’ ஆனால் முடிகிறது. ஒரு சிறு சொல்லால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே தலைகீழாகும்.

ஆயின் இப்பெருங்காட்டில் வழி காண்பது எங்ஙனம்? தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், பல பொருள் குறிக்கும் ஒரு சொல்லின் பொருள் அதனோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் என்று காட்டுகிறார். ‘மா’ என்பது மரமோ விலங்கோ என்னும் ஐயம், ‘பூத்தது’ என்ற அளவில் அகன்றுவிடுகிறது. பெயர்ச்சொல்லுக்கு அவர் கூறிய நெறியை இவ்வாங்கில வினைக்கும் பொருத்திப் பார்த்தேன்; பொருந்திற்று. ஓடுவது மூக்கா, சாயமா, கடையா, ஒப்பந்தமா என்று முதலில் நோக்குதல் வேண்டும். பின்வரும் சிறு சொல்லை விடாது நோக்குதல் வேண்டும். அதன்பின், அப்பொருளை நம்மவர் வீட்டிலும் தெருவிலும் எச்சொல்லாற் கூறுகின்றனர் என்று செவிகொடுத்தல் வேண்டும். சொல்லுக்குச் சொல் வைப்பது மொழிபெயர்ப்பு ஆகாது.

ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்குத் தமிழில் பத்துச் சொல் வேண்டியிருப்பதைக் கண்டு தமிழைக் குறை கூறுவாரும், ஆங்கிலத்தை எள்ளுவாரும் நம்மிடை உளர். இரண்டும் தவறு. ஒரு மொழி ஒரு சொல்லைப் பலவிடத்தும் உழைக்கவிடுகிறது. மற்றொன்று வேலைக்கு ஓர் ஆளாக அமர்த்துகிறது. நம் ‘போடு’ என்னும் சொல்லைக் கற்கும் ஆங்கிலேயர் படும் பாடும் இதுவே: கோலம் போடு, சட்டை போடு, சண்டை போடு, கணக்குப் போடு.

பெரியப்பாவின் ஒப்பந்தம் உரிய காலத்திற் புதுப்பிக்கப்பெற்றது. இன்றும் ஆங்கிலக் கடிதம் வந்தால் என்னிடமே கொணர்கிறார். ஆனால் யான் படித்து முடித்தவுடன், “ஓடுகிறதா, முடிகிறதா? நன்றாய்ப் பார்த்துச் சொல்லு தம்பி” என்று ஒருமுறை கேட்டே செல்கிறார்.