வலப்பக்க எண்

அன்புள்ள கயல்விழிக்கு,

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் வலப்பக்கத்தில் ‘இயல்பு அளவு’ என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். மாரடைப்பு வந்து பிழைத்தவர் மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ மதுரைக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, தன் எண்ணை அதோடு ஒத்துப் பார்க்கிறார். தடித்த எழுத்தில் எதுவும் இல்லையென்றால், ‘எல்லாம் நார்மல்’ என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருக்கும் நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த எண் அவருக்கானது இல்லை என்பதைத்தான். நோயில்லாத ஒருவருக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 100 இருந்தால் யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். ஏற்கெனவே ரத்தக்குழாய் அடைத்தவருக்கு அதை 55-க்குக் கீழே இறக்கச் சொல்கின்றன, ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019-லும் இந்திய இதயவியல் சங்கம் 2024-லும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள். ரத்தம் எடுத்த நாளையும் பார்க்க வேண்டும். மாரடைப்பு வந்து ஒரு நாள் கழிந்தால் எல்.டி.எல். இறங்கத் தொடங்கி, சில வாரங்கள் தாழ்ந்தே இருக்கும். அதே நாட்களில் கல்லீரல், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை மளமளவென்று சுரக்கும். டிஸ்சார்ஜ் நேரத்து ரிப்போர்ட்டில் இரண்டுமே அவருடைய வழக்கமான அளவைக் காட்டாது.

சரி, கொலஸ்ட்ரால் நார்மலாக இருப்பவருக்கும் மாரடைப்பு வருகிறதே, அப்படியென்றால் அதன்மேல் ஏன் பழி போட வேண்டும் என்று உன் வகுப்பிலேயே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1996-இல் வெளியான ‘கேர்’ ஆய்வில் இருந்த 4,159 பேரும் மாரடைப்பு கண்டவர்கள். அவர்களுடைய மொத்தக் கொலஸ்ட்ராலின் சராசரி 209 மட்டுமே. ஐந்து ஆண்டுகள் பிரவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இதயநோய்ச் சாவும் மறு மாரடைப்பும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 24 சதவீதம் குறைந்தன. ஆக, ‘நார்மல்’ என்ற அளவே அவர்களுக்கு அதிகமாக இருந்திருக்கிறது. எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றுவது பின்கதை. அந்த ஆய்வில் சேமித்துவைத்த ரத்தத்தை ஆய்வாளர் பால் ரிட்கர் குழுவினர் சோதித்து 1998-இல் எழுதினார்கள்: பிற்பாடு மறுபடி பாதிக்கப்பட்டவர்களுக்கு சி.ஆர்.பி. முன்கூட்டியே கூடுதலாக இருந்தது. கொழுப்போடு குழாய்ச் சுவரின் அழற்சியும் கூட்டுச் சேர்கிறது என்பதற்கு அது ஒரு தடயம்.

அப்படியானால் அழற்சியை மட்டும் அடக்கினால் போதாதா? அதையும் சோதித்தார்கள். 2017-இல் முடிவு வெளியான ‘கான்டோஸ்’ ஆய்வில், மாரடைப்பு வந்து சி.ஆர்.பி. 2-க்குக் குறையாமல் இருந்த 10,061 பேர் சேர்ந்தார்கள். அழற்சியை அடக்கும் கனகினுமாப் ஊசியின் 150 மில்லிகிராம் அளவு எல்.டி.எல்.லைத் தொடாமலே ஆபத்தை 15 சதவீதம் குறைத்தது. ஆனால் தொற்றுநோய்ச் சாவு கூடியது; அது வழக்கமான சிகிச்சையாகவும் ஆகவில்லை. சி.ஆர்.பி. வெறும் அடையாளம்தான், சிக்குன்குனியாவிலும் பல் சீழிலும்கூட எகிறும். ஸ்டாடினோ எல்.டி.எல்., சி.ஆர்.பி. இரண்டு எண்களையும் இறக்குகிறது. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு முதலில் கொடுக்கும் மாத்திரைகளில் அடோர்வாஸ்டாடினும் இருக்கிறது. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வரட்டும் என்று அதற்காகக் காத்திருப்பதில்லை.

கடைசியாக வரும் ஆட்சேபம், ‘அந்த மாத்திரை போட்டால் கை கால் வலிக்கிறது’ என்பது. வலி பொய்யில்லை. ஆனால் அதே காரணத்துக்காக ஸ்டாடினை விட்ட 60 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான ‘சாம்சன்’ ஆய்வில், ஸ்டாடின் மாதங்களில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. மிச்சமிருக்கும் சிலருக்குத் தசை பாதிப்பு உண்மையாகவே வரலாம்; சி.கே. என்ற இன்னொரு புரதத்தைப் பார்த்தால் அது பிடிபடும். அவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மருந்துக்கு மாற்றுவார்.

அன்புடன்,
மாமா