கல்லு மாதிரி காற்று வேண்டுமா? சைக்கிள் டயர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில் மரக்காணம். உப்பு வாரும் காலத்தில் இங்கே சாலை விடிவதற்கு முன்பே விழித்துவிடும். இருட்டிலேயே சைக்கிள்கள் உப்பளத்தை நோக்கி வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் தாரை விட்டு இறங்கினால் பாத்திகளுக்கு நடுவே மண் வரப்பு. காலையில் ஓர் ஆளை மட்டும் சுமந்த சக்கரம் மாலையில் பின்னால் இன்னோர் ஆளையோ, விறகுக் கட்டையோ, ஒரு மூட்டையையோ சேர்த்துச் சுமக்கும். அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இதே சாலையில்தான் போகிறார்கள்.

இந்த வண்டிகளுக்கெல்லாம் எவ்வளவு காற்று வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “கல்லு மாதிரி இருக்கணும்.” முதுகுவலிக்கும் வீண் களைப்புக்கும் இந்தப் பதிலுக்கும் தொடர்பு உண்டு. ஒவ்வொரு நம்பிக்கையாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: டயர் எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு லேசாக வண்டி ஓடும்.

உண்மை: இது ஓர் எல்லை வரைதான் சரி. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. மிதிப்பவரின் பலத்தில் ஒரு பங்கு ரப்பரைச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. வண்டி இழுப்பது அதனால்தான். எல்லையைத் தாண்டிக் காற்றேற்றினாலோ வேறொரு இழப்பு தொடங்கும். டயர் சிறு கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்ளாமல் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அந்தத் துள்ளலுக்கான பலமும் நம் காலிலிருந்தே போகிறது.

வழவழப்பான இரும்பு உருளையில் டயரைச் சுழற்றிப் பார்த்தால், காற்று ஏற ஏற உருளும் தடை குறைந்துகொண்டே போகும். இந்த நம்பிக்கையை நெடுங்காலம் தாங்கி நின்றது அந்தச் சோதனைதான். ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ என்ற அமெரிக்க இதழ் ஆளை ஏற்றி, உண்மையான சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, மிகுதியாகக் காற்றடித்ததால் வேகம் கூடிவிடவில்லை. சைக்கிளுக்குக் காற்று டயர் வந்த கதையே இதைச் சொல்லும். பெல்ஃபாஸ்டில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குலுக்கலைத் தாங்கத்தான் காற்று வந்தது. அதைக் கல்லாக்கினால் அவர் விட்டுவந்த கெட்டி ரப்பர்ச் சக்கரத்துக்கே நாம் திரும்பிவிடுகிறோம்.

நம்பிக்கை 2: டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்தான் சரியான அளவு.

உண்மை: அந்த எண் பெரும்பாலும் மேல் எல்லை. அதைத் தாண்டக் கூடாது என்பதே பொருள். அந்த அளவுக்கு ஏற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. 45 கிலோ எடையுள்ள மாணவிக்கும் 80 கிலோ எடையுள்ள ஆளுக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? எத்தனை எடையைச் சுமக்கப்போகிறோம் என்பது டயர் செய்யும் ஆலைக்குத் தெரியாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் ஓட்டுபவரே.

நம்பிக்கை 3: இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு அடித்தால் போதும்.

உண்மை: ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நம்மூர் வண்டியில் ஏறத்தாழ 48 கிலோ பின் சக்கரத்தின்மேல் விழும். முன் சக்கரத்துக்கு 32 கிலோதான். கேரியரில் 50 கிலோ மூட்டை ஏறினால் அந்த எடை கிட்டத்தட்ட முழுவதும் பின் சக்கரத்தைச் சேரும். 48 என்பது 98 ஆகிவிடும்.

டயரின் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர அங்குலம் 50 பவுண்டு எடையைத் தாங்கும் என்று பொருள். 48 கிலோ என்பது சுமார் 106 பவுண்டு. அதைத் தாங்க டயரின் இரண்டு சதுர அங்குலம் தரையில் படிய வேண்டும். அதே காற்றில் மூட்டையும் ஏறினால் நான்கு சதுர அங்குலத்துக்கு மேல் படியும், டயர் சப்பையாகும். ஆகவே பின் டயரில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். மூட்டை ஏற்றும் நாளில் பக்கவாட்டில் உள்ள மேல் எல்லை வரை அடிக்கலாம். அப்போதும் டயர் பிதுங்கினால் அது அந்த டயரின் சக்திக்கு மீறிய சுமை. பள்ளம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் ரிம்முக்கு நல்லது.

நம்பிக்கை 4: கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உண்மை: காற்றே இல்லாத டயரை விரல் கண்டுபிடிக்கும். 40க்கும் 60க்கும் உள்ள வேறுபாட்டை, அதுவும் தடித்த டயரில், உப்பு வாரிக் காய்த்துப்போன விரல் கண்டுபிடிப்பது கடினம். அளவுமானியும் இங்கே அவ்வளவாகக் கைகொடுக்காது. நம்மூர் வண்டிகளில் உள்ள பழைய வகை வால்வில், சிறிய வால்வு டியூப் ரப்பர் காற்றை உள்ளேயே அடைத்துவைப்பதால் சாதாரண மானி சரியாகக் காட்டாது.

காற்று சரியா என்று அறிய ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் போதும். ஃப்ராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்கப் பொறியாளர் சொன்ன கணக்கு இது: சுமை ஏறியபின் டயர் தன் உயரத்தில் சுமார் 15 சதவீதம் அமுங்கினால் காற்று சரி. நம்மூர் 28 அங்குல வண்டியின் டயர் சுமார் 38 மில்லிமீட்டர். அதில் 15 சதவீதம் என்பது ஐந்து, ஆறு மில்லிமீட்டர். வண்டியைச் சுவரோரம் சமதரையில் ஆளில்லாமல் நிறுத்தி, பின் சக்கரத்தின் ரிம் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். வழக்கமாக ஓட்டுபவர் வழக்கமான சுமையோடு ஏறி உட்காரட்டும். மறுபடி அளந்து பாருங்கள். மூன்று மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் காற்று அதிகம். எட்டைத் தாண்டினால் குறைவு. முன் சக்கரத்துக்கும் இதே கணக்குதான்.

நம்பிக்கை 5: காற்று நிறைய இருந்தால் பஞ்சர் ஆகாது.

உண்மை: பஞ்சரில் இரண்டு வகை உண்டு. காற்று குறைந்த வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் சிக்கி நசுங்கும். பாம்பு கடித்தாற்போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை விழும். போதிய காற்று இதைத் தடுக்கும். சீமைக்கருவேல முள் வேறு வகை. இந்தக் கடலோரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அது எத்தனை காற்று இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் குத்துவதில்லை. தேய்ந்த டயரை மாற்றுவதும், வரப்பை விட்டு ஏறியவுடன் டயரைச் சுற்றிப் பார்த்து, ஒட்டிய முள்ளைப் பிடுங்குவதும்தான் வழி.

நம்பிக்கை 6: வெயிலில் நிறுத்தினால் டியூப் வெடிக்கும், கோடையில் பாதிக் காற்றே போதும்.

உண்மை: டயர் 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடேறினால், 50 பிஎஸ்ஐ சுமார் 54 ஆகும். நல்ல டயருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெடிப்பது பெரும்பாலும் பக்கவாட்டில் விரிசல் விட்ட டயர், ரிம்மில் சரியாக உட்காராத டயர், அல்லது ஏற்கெனவே எல்லை மீறிக் காற்றடைத்த டயர். பெட்ரோல் பங்க் காற்று இயந்திரத்தில் சைக்கிளுக்குப் பிடிக்கும்போது கவனம் தேவை. அது கார், லாரிக்கானது. சிறிய சைக்கிள் டியூப் சில நொடிகளில் எல்லையைத் தாண்டிவிடும். வெயிலுக்குப் பயந்து பாதிக் காற்றில் ஓட்டினால், பாம்புக்கடித் துளையைத்தான் விலைகொடுத்து வாங்குகிறோம்.

நம்பிக்கை 7: உப்பு டயரை அரித்துவிடும்.

உண்மை: உப்பு தின்பது இரும்பைத்தான். ரப்பரில் விரிசல் விழவைப்பது வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும். ஆனால் உப்பு சுற்றிவளைத்து டியூபையும் பிடிக்கும். ரிம்மின் உட்புறம் துருவேறிச் செதில் செதிலாக எழும்பும். ரிம் டேப் கிழிந்த இடத்தில் ஸ்போக் முனை மேலே துருத்தும். கழற்றிய டியூபில் துளை ரிம் பக்கமாக இருந்தால் அது முள் செய்த வேலையில்லை. துருவைத் தேய்த்து எடுத்து, புது ரிம் டேப் ஒட்டாமல் எத்தனை முறை பஞ்சர் ஒட்டினாலும் நிற்காது. உப்பளத்திலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் சக்கரத்தைக் கழுவித் துடையுங்கள். வால்வு டியூப் ரப்பரும் நாளடைவில் இளகும். காற்று ஓசையில்லாமல் இறங்கும். அந்த ரப்பரை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே செய்தி. சரியான காற்று என்று எங்கும் எழுதிவைத்த ஓர் எண் இல்லை. யார் ஏறுகிறார், எதை ஏற்றுகிறார், எந்த வழியில் போகிறார் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. விடியலில் கிளம்பி நாளெல்லாம் வெயிலில் உப்பு வாரிய கால்கள்தான் மாலையில் அந்த வண்டியை வீடு வரை மிதிக்கின்றன. அந்தக் கால்களுக்காக வாரம் ஒருமுறை, பிள்ளையின் பையிலிருக்கும் ஸ்கேலை எடுத்து ஒரு நிமிடம் சக்கரத்தின் அருகே குனியுங்கள்.