இதழ் வடிவமைப்புக் கோப்புகளின் ஒழுங்கமைப்பு: இரு தருமபுரங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இதழின் வடிவமைப்புக் கோப்புகளை ஒழுங்குபடுத்துவது அச்சகப் பணியாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அது பனுவல் பாதுகாப்போடும் சான்றின் நம்பகத்தன்மையோடும் தொடர்புடையது என்பதைப் பெயரிடல், இணைப்பு, எழுத்துரு ஆகிய மூன்று நிலைகளில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இதழியல், பக்க வடிவமைப்பு, எழுத்துரு, ஒருங்குறி, பனுவல் பாதுகாப்பு

முன்னுரை

ஏ4 அளவுள்ள முழுப்பக்க வண்ணப்படம் ஒன்று, அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் அச்சுத்தரத்தில், 2480 × 3508 பிக்சல்களைக் கொண்டது. நான்கு வண்ண அச்சுக்கு உரிய நிலையில், சுருக்கப்படாதபோது அது ஏறத்தாழ 35 மெகாபைட் ஆகும். இத்தகைய 64 படங்கள் 2.2 கிகாபைட் அளவினவாகும். அடுக்குகளோடு சேமித்தால் அளவு மேலும் பெருகும். எனவே இவற்றை ஒழுங்குபடுத்த ஒரு முறைமை இன்றியமையாதது.

1. பெயரிடல்

யாழ்மூரி வரலாற்றோடு தொடர்புடைய, சம்பந்தர் பாடல் பெற்ற தருமபுரம் காரைக்கால் பகுதியில் உள்ளது. தருமபுர ஆதீனம் அமைந்துள்ள தருமபுரமோ மயிலாடுதுறையை அடுத்துள்ளது. ஆதீனத்தைத் தோற்றுவித்தவர் பெயரும் குருஞானசம்பந்தர். எனவே ‘தருமபுரம் சம்பந்தர்’ என்று மட்டும் பெயரிடப்பட்ட படக்கோப்பு எவ்வூரை, எவரைக் குறிக்கிறது என்பதைக் கோப்பைத் திறந்தாலும் உறுதிசெய்ய இயலாது. ‘தர்மபுரம்’ என்னும் எழுத்து வேறுபாடு தேடலையும் சிதைக்கும். படம் மாறி அச்சேறின், பின்வரும் ஆய்வாளர் அதனையே சான்றாகக் கொள்வர்.

ஆகவே இதழ் எண், பக்கம், வட்டாரத்துடன் கூடிய ஊர்ப்பெயர், பொருள், திருத்த எண் என்னும் வரிசையில் பெயரிடல் வேண்டும். ‘இறுதி’, ‘புதிய இறுதி’ என்னும் பெயர்களைத் தவிர்த்து எண்ணால் குறிப்பதே மெய்ப்புத் திருத்தங்களின் வரிசையைக் காக்கும்.

2. இணைப்பு

இன்டிசைன் போன்ற மென்பொருள்களில் வைக்கப்படும் படம் பொதுவாகப் பக்கக்கோப்பினுள் முழுமையாகச் சேர்வதில்லை. அதன் முன்தோற்றமும் இருப்பிட முகவரியுமே பதிவாகின்றன. இதனால் பக்கக்கோப்பு சிறிதாக இருக்கும். எனினும் படக்கோப்புறையை இடம் மாற்றினால் இணைப்பு அறும். ஓர் இதழுக்கு ஒரு தாய்க்கோப்புறை, அதனுள் கட்டுரை, படம், எழுத்துரு, பக்கம், அச்சுப்படி என ஐந்து பிரிவுகள் என்னும் அமைப்பைத் தொடக்கத்திலேயே வகுத்தல் நலம். கட்டுரைகளைத் தனித்தனிக் கோப்புகளாக அமைத்து, ‘புத்தகம்’ என்னும் வசதியால் தொகுத்தால் ஒரு கோப்பின் பழுது இதழ் முழுவதையும் பாதிக்காது. பணி முடிந்தபின் பக்கம், படம், எழுத்துரு மூன்றையும் ஒருங்கே திரட்டும் ‘பேக்கேஜ்’ வசதியைப் பயன்படுத்தல் வேண்டும்.

3. எழுத்துரு

தமிழுக்கே உரிய சிக்கல் இங்கு எழுகிறது. ஒருங்குறிக்கு முற்பட்ட பல எழுத்துருக்கள் உரோமன் எழுத்துகளுக்குரிய குறியிடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரை பொருளற்ற குறிகளாகத் தோன்றும். தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களை அறிவித்தது; 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆகவே ஓர் இதழின் பழைய கோப்புகள் பல குறியேற்றங்களில் சிதறிக்கிடக்க வாய்ப்புண்டு.

மென்பொருளும் மாறியது. பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதன் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறக்க முடிந்தது. பின்வந்த சிசி பதிப்புகளில் அவ்வசதி இல்லை. எனவே எழுத்துருவின் பெயர், குறியேற்றம், மென்பொருள் பதிப்பு ஆகியவற்றைக் கூறும் குறிப்பொன்றும், மெய்ப்புத் திருத்தங்கள் அனைத்தும் ஏற்றப்பட்ட கட்டுரையின் ஒருங்குறிப் படியும் ஒவ்வோர் இதழோடும் சேமிக்கப்படுதல் வேண்டும்.

முடிவுரை

அச்சுப்படியான பி.டி.எஃப். பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும். பழைய எழுத்துருவில் உருவானதாயின் அதனுள் தமிழ்ச்சொல்லைத் தேடுதல் அரிது. பனுவலைக் காப்பது ஒருங்குறிப் படியே. சான்றின் மூலத்தைக் காப்பது தெளிவான பெயரே. ஏடு எழுதியோர் காலமும் இடமும் குறித்துவைத்த குறிப்புகள் சுவடி ஆய்வுக்கு உதவுவது போல, இன்றைய கோப்புப் பெயர்களும் குறிப்புகளும் நாளைய இதழியல் ஆய்வுக்கு உதவும். இப்பொறுப்பை வடிவமைப்பாளரிடம் மட்டும் விடாது பதிப்பாசிரியரும் ஏற்றல் வேண்டும்.