இயந்திரம் பார்த்துக்கொள்ளுமா?

"ஆறு ஏர்பேக் இருக்குதுங்க, அப்புறம் பெல்ட் எதுக்கு?" குன்னத்தூர்ப் பக்கம் புதுக் கார் எடுத்தவர்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். ஆள் மறந்தாலும் வண்டி பார்த்துக்கொள்ளும் என்பதே இதற்கு அடியில் உள்ள நம்பிக்கை. அமெரிக்கா இதை லட்சக்கணக்கான கார்களில் சோதித்துப் பார்த்துவிட்டது. அங்கே 1974 மாடல் கார்களில், பெல்ட் போடாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மக்கள் கொதித்தெழ, அதே ஆண்டு நாடாளுமன்றமே அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அடுத்து வந்தது தானியங்கி பெல்ட். 1975இல் ஃபோக்ஸ்வேகன் ராபிட் காரில் பெல்ட்டைக் கதவோடு இணைத்தார்கள். 1981 டொயோட்டா க்ரெசிடாவில் மோட்டாரே பெல்ட்டை இழுத்துவந்து தோளில் போட்டது. 1987 மாடல் தொடங்கிப் படிப்படியாக, ஏர்பேக் அல்லது தானியங்கி பெல்ட் ஏதாவது ஒன்று கட்டாயமானது. மோட்டார் வகையில் ஒரு கோளாறு இருந்தது. தோளுக்கான பட்டைதான் தானாக வரும், இடுப்புப்பட்டையைக் கையால் மாட்ட வேண்டும். தோளில் ஏறியதுமே வேலை முடிந்ததென்று பலர் இருந்துவிட்டார்கள். இடுப்பில் பிடிமானம் இல்லாத உடல் மோதலில் கீழே வழுக்கும், பட்டை கழுத்துக்கு ஏறும். கதவில் பொருத்திய வகையோ, கதவு திறந்துகொண்டால் அதோடு போய்விடும். 1998 மாடல் கார்களில் ஏர்பேக் கட்டாயமானபோது இந்தப் பெல்ட்டுகள் மறைந்தன.

அப்படியானால் ஏர்பேக்தானே வென்றது என்று கேட்கலாம். இல்லை. மாட்டிய பெல்ட் உடலைப் பின்னால் பிடித்திருக்கும் என்ற கணக்கில்தான் ஏர்பேக் விரிகிறது. பெல்ட் இல்லாதவர் முன்னே சரிந்து, வேகமாக விரியும் பையின் மேலேயே போய் விழுவார். பெல்ட் போடச் சொல்லும் பீப் சத்தத்தை நிறுத்தக் கொக்கியில் செருகும் போலி கிளிப்பை 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்து நீக்கச் சொன்னது இதனால்தான். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து மாட்டுவோரை விட, காசு கொடுத்து அந்தக் கிளிப்பை வாங்குவோரைப் புரிந்துகொள்வது கடினம்.

"பக்கத்துலதானே போறோம், மெதுவாத்தான் போறோம்" என்பது அடுத்த வாதம். மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதுவது கிட்டத்தட்ட பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். தீப்பிடித்தால் சிக்கிக்கொள்வோமே என்பாரும் உண்டு. அத்தகைய விபத்துகள் மிகக் குறைவு. அப்போதும் கொக்கியைக் கழற்ற நினைவு தப்பாமல் இருக்க வேண்டும், அந்த நினைவைக் காப்பாற்றுவது பெல்ட்தான். பின்சீட்டுக்குப் பெல்ட் தேவையில்லை என்பவர்கள், 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே நடந்த விபத்தைப் பார்க்கலாம். சொகுசு காரின் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் உடனிருந்தவரும் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயங்களுடன் பிழைத்தார்கள்.