பழைய டீசல் பிக்கப் வண்டி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

காய்கறி, கீரை, மலர் ஆகியவற்றைப் பயிரிடும் உழவர் பெருமக்களுக்கு விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததைக் காலத்தில் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மறுபாதி. பறித்த கத்தரிக்காயைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, வருவதாகச் சொன்ன வாடகை வண்டி வராமல் இரவெல்லாம் சாலையைப் பார்த்துக் காத்திருந்த அனுபவம் பலருக்கு இருக்கும். அப்போதுதான் சொந்தமாக ஒரு வண்டி வாங்கும் எண்ணம் வருகிறது. புதிய வண்டியின் விலை எட்டாது. ஆகவே பழைய வண்டியைத் தேடுகிறோம்.

முதலில் கணக்கு

தேடுமுன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 120 நடை சந்தைக்குப் போவதாகவும், வாடகை நடைக்கு 1,500 ரூபாய் எனவும் வைத்துக் கொள்வோம். ஆண்டு வாடகை 1,80,000 ரூபாய். சொந்த வண்டியானால் நடைக்கு டீசல் 650 ரூபாய் வீதம் 78,000. காப்பீடு, வரி, தகுதிச் சான்று, டயர், பழுது எல்லாம் சேர்த்து 60,000. நீங்களே ஓட்டினால் மிச்சம் 42,000. இரண்டரை இலட்சம் கொடுத்து வாங்கிய வண்டி தன் விலையைத் திருப்பித் தர ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகும். இதுவே 60 நடை என்றால் ஆண்டுக்கு 9,000 ரூபாய் கைநட்டம். அப்படிப்பட்டவர்கள் வாடகை வண்டியோடு நிற்பதே நல்லது. அல்லது பக்கத்து வயல்காரர்கள் இருவருடன் கூட்டாக வாங்கலாம்.

பெயர் கெட்ட வண்டிகள்

விசாரிக்கும்போது, 'அந்த மாடலா, வேண்டாம்' என்று ஒருவர் சொல்லுவார். அந்தப் பெயர் எதனால் கெட்டது என்று கேட்டறிய வேண்டும். 1980களில் ஜப்பானியக் கூட்டுறவோடு டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி என நான்கு சிறு லாரிகள் நம் நாட்டில் வந்தன. 1985க்குப் பின் ஜப்பானிய நாணய மதிப்பு ஏறவே, இறக்குமதி உதிரி பாகங்களின் விலையும் ஏறிவிட்டது. உதிரி பாகம் எளிதில் கிடைக்காத வண்டி எவ்வளவு உறுதியானதாயினும் உழவனுக்கு உதவாது.

வேறொரு வகையும் உண்டு. 2005இல் வந்த டாடா ஏஸ், நம் மக்கள் 'குட்டி யானை' என்று பெயரிட்ட வண்டி, சுமார் 700 கன செ.மீ. கொள்ளளவும் இரண்டு சிலிண்டரும் கொண்டது. முக்கால் டன் அளவில் ஏற்ற வேண்டிய அதில் ஒன்றரை, இரண்டு டன் ஏற்றியவர்கள் ஏராளம். பிறகு இன்ஜின் தாங்கவில்லை என்று குறை சொன்னால் குற்றம் யாருடையது? இத்தகைய வண்டியில், முன்பு ஓட்டியவரைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளைப் பற்றியும் முணுமுணுப்பு உள்ளது. இவற்றில் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உள்ளது. நெடுந்தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். நான்கைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள சந்தைக்கு மட்டும் போய்வருபவருக்கு அது அடிக்கடி அடைத்துக் கொள்ளும்.

மூலக்கொத்தளத்தில் பார்த்த வண்டி

மீஞ்சூர்ப் பக்கம் கத்தரியும் வெண்டையும் பயிரிடும் என் சிற்றப்பாவுடன் வட சென்னை மூலக்கொத்தளத்திற்கு ஒரு டன் பிக்கப் ஒன்றைப் பார்க்கச் சென்றேன். பேசின் பாலத்தையும் பழைய வண்ணாரப்பேட்டையையும் ஒட்டிய பகுதி அது. (கொத்தளம் என்றால் மதிலின் காவல் முனை, இன்று அங்கே காவல் காக்க வேண்டியது நம் பணப்பையைத்தான்.) இரண்டு போகத்து மிச்சம் சிற்றப்பாவின் மடியில் இருந்தது. சித்தி தந்த வளையல் பணமும் அதில் அடக்கம்.

வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. சிற்றப்பா மகிழ்ந்துவிட்டார். நான் இன்ஜின் மூடியின் மேல் கையை வைத்தேன், சுட்டது. விற்பவரைப் பார்த்தேன். 'இப்பத்தான் சார், டீசல் போட்டுட்டு வந்தேன்' என்றார். டீசல் முள்ளோ அடியில் கிடந்தது.

டீசல் இன்ஜினின் உண்மை குளிர்ந்த நிலையில்தான் தெரியும். ஆகவே மறுநாள் விடிகாலையில், கிளப்பாமல் வைத்திருக்கச் சொல்லிப் போனோம். கிளப்பியதும் வரும் புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்புப் புகை, காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதி என்பதைக் காட்டும். காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் வரும், எனவே அஞ்ச வேண்டாம். நீலப்புகை இன்ஜின் ஆயில் எரிவதால் வருவது, செலவு பெரிது. வெள்ளைப்புகை குளிரில் சற்று நேரம் வந்து மறைந்தால் பாதகமில்லை; சூடேறிய பின்னும் நீடித்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளிருந்து புகை வேகமாகச் சீறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. மூடியின் உட்புறம் பாலாடை போல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துள்ளது.

இவற்றில் பெரிய குறை எதுவும் அந்த வண்டியில் இல்லை. சற்றுக் கறுப்புப் புகை மட்டும் வந்தது. ஆனால் தொட்டியின் கீழே படுத்துப் பார்த்தபோது மீன் வாடை அடித்தது. காசிமேடு துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் ஏற்றிய வண்டி! உப்புநீர் தொட்டியின் இடுக்குகள் வழியே வடிந்து, சேசிஸின் குறுக்குச் சட்டத்தைத் தின்றிருந்தது. திருப்புளியால் குத்தினேன், பின் ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடத்தில் துரு அப்பளமாக உதிர்ந்தது. மேலே புதுப் பெயின்ட் பளபளத்தது. இன்ஜினைப் பழுது பார்க்கலாம். அரித்துப் போன சேசிஸைப் பற்ற வைத்துப் பாரம் ஏற்றுவது உயிருக்கு ஆபத்து. வேண்டாமென்று வந்துவிட்டோம்.

மண் மாதிரி எடுக்கும்போது சொந்தக்காரர் காட்டும் ஒரே இடத்தில் எடுக்க மாட்டோம் அல்லவா? வண்டிக்கும் அவ்வாறே. கடற்கரையோரம் ஓடிய வண்டியானால் சேசிஸ், பிரேக் குழாய்கள், தொட்டியின் அடித்தகடு ஆகியவற்றை விடாது பாருங்கள். கதவின் அடிப்பாகத்தில் ஒரு சிறு காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றியதற்கு அதுவே சாட்சி.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். பியூஸ் பெட்டியில் பச்சை பூத்திருந்தாலும், முகப்பு விளக்கினுள் நீர்க்கறை இருந்தாலும் விலகிவிடுங்கள். மின்னணுக் கருவிகள் கொண்ட வண்டியில் இக்குறை ஓயாது தலை காட்டும்.

இரண்டு மாதம் கழித்து அதே மாடலில், காகிதக் கட்டுகள் மட்டும் ஏற்றி ஓடிய ஒன்று கிடைத்தது. இன்ஜெக்டர்கள் பழுது. மெக்கானிக்கிடம் செலவைக் கேட்டறிந்து, அந்தத் தொகையை விலையில் கழித்து வாங்கினார் சிற்றப்பா.

பத்திரங்கள்

பணம் கொடுக்குமுன் சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்துடன் நேரில் ஒப்பிடுங்கள். பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் தகுதிச் சான்று, காப்பீடு, கடன் பாக்கி விவரம் தெரியும். அபராதச் சலான்களையும் பார்த்துக் கொள்க. கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப்பணம் தரலாகாது. சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். 15 ஆண்டு கடந்தவற்றுக்கான கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் பன்மடங்கு உயர்த்தியதையும் நினைவிற் கொள்க. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துள்ளது.

பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையொப்பத்தை அன்றே வாங்கிவிடுங்கள். மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களிலும், வாங்குபவர் 30 நாட்களிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவருக்கு 14 நாள் கெடு. உங்கள் பழைய வண்டியை விற்கும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். புத்தகத்தில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வண்டியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, 'அவரே மாற்றிக் கொள்வார்' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.